பாட்டிலில் இருந்த எண்

பெங்களூரா மாங்காய் லாரிகள் கூழ் ஆலைகளின் வாசலில் வரிசை கட்டி நிற்கும் நாட்கள் இவை. அப்படிப்பட்ட கிருஷ்ணகிரியில், நேற்று என் மகள் ஒரு குளிர்பான பாட்டிலைத் திருப்பிப் படித்துவிட்டுக் கேட்டாள்: "அம்மா, நிறமி 102 விஷமா?"

அது டார்ட்ரசின் என்ற மஞ்சள் சாயம். பயமுறுத்தி வாயை மூடவைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் இணைந்து நடத்தும் நிபுணர் குழு, உணவில் சேர்க்கும் இத்தகைய பொருட்கள் பாதுகாப்பானவையா என்பதைத்தான் 1956 முதல் ஆராய்கிறது. விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்து, தீங்கு தென்படாத மிக உயர்ந்த அளவைக் கண்டறிகிறார்கள். பிறகு அதை வழக்கமாக 100ஆல் வகுக்கிறார்கள். விலங்குக்கும் மனிதருக்கும் உள்ள வேறுபாட்டுக்காக ஒரு பத்து; குழந்தை, முதியவர், நோயாளி என்று மனிதருக்குள்ளேயே இருக்கும் வேறுபாட்டுக்காக இன்னொரு பத்து. அந்த இரண்டாவது பத்தில் என் மகளும் இருக்கிறாள் என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

வாழ்நாள் முழுக்க தினமும் உட்கொண்டாலும் பாதகமில்லை என்று டார்ட்ரசினுக்கு 2016இல் அந்தக் குழு நிர்ணயித்த எல்லை, உடல் எடையில் கிலோவுக்கு 10 மில்லிகிராம். அவள் எடை 22 கிலோ. பெருக்கி 220 என்று அவளே சொன்னாள்.

என் கோபமெல்லாம் வேறு இடத்தில். சந்தையில் திறந்த தட்டில் கண்ணைப் பறிக்கும் மஞ்சள் இனிப்புக்கு எண்ணும் இல்லை, அளவும் இல்லை. உணவில் அனுமதியே இல்லாத மெட்டானில் மஞ்சள் என்ற சாயம் கலந்திருந்தால் யாருக்குத் தெரியும்? மாங்காயைக் கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைப்பதும் தடை செய்யப்பட்டதுதான். இந்தப் பருவம் முழுவதும் பழக்கடையில் கேட்டுவிட்டுத்தான் வாங்கப்போகிறேன்.