திங்கட்கிழமை டெல்லியில் வீணான எங்கள் காலை

டெல்லிக்குக் கிளம்புகிறவர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். செங்கோட்டை, தாமரைக் கோயில், அக்ஷர்தாம் மூன்றுக்கும் திங்கட்கிழமை விடுமுறை. தேசிய அருங்காட்சியகமும் அன்று திறக்காது. எங்கள் ஊர் டிராவல்ஸ்காரர் எழுதிக் கொடுத்த பட்டியலிலோ காலையில் செங்கோட்டை, மதியம் தாமரைக் கோயில், சாயங்காலம் அக்ஷர்தாம் என்று எல்லாம் திங்கட்கிழமைக்கே இருந்தன. 72 வயது அம்மாவையும் 78 வயது அப்பாவையும் அந்தத் தாளை நம்பித்தான் அழைத்துப் போனேன். இன்னும் எனக்கு ஆறவில்லை.

கரோல் பாகில் தங்கியிருந்தோம். காலையில் ஹோட்டல் வாசலில் நின்ற ஆட்டோக்காரர், நாங்கள் போகும் இடத்தைக் கேட்டுவிட்டு "லால் கிலா ஆஜ் பந்த் ஹை" (செங்கோட்டை இன்று மூடியிருக்கிறது) என்றார். டெல்லியில் இப்படி 'மூடியிருக்கு' என்று சொல்லியே கமிஷனுக்காகக் கடைகளுக்கு அழைத்துப் போவார்கள் என்று கிளம்பும் முன்பே நாலு பேர் எச்சரித்திருந்தார்கள். அதனால் பதில்கூடச் சொல்லாமல் மெட்ரோவுக்கு நடந்தேன். மண்டி ஹவுஸில் வயலட் லைனுக்கு மாறி, லால் கிலா ஸ்டேஷனில் இறங்கி, டிசம்பர் குளிரில் அம்மாவை மெல்ல நடத்திக்கொண்டு போய்ப் பார்த்தால் கோட்டை வாசல் பூட்டிக் கிடக்கிறது.

அந்த ஆட்டோக்காரர் சொன்னது உண்மை. யோசித்துப் பார்த்தால் அவர் எங்களை வேறு எங்கும் கூப்பிடவே இல்லை. 'மூடியிருக்கு' என்று சொல்லிவிட்டு உடனே 'நான் இன்னொரு இடம் காட்டுகிறேன்' என்று தொடர்ந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். எப்படியும் விடுமுறை நாளை முந்தின இரவே நீங்களே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஆகஸ்ட் 15, ஜனவரி 26 வரும் சமயங்களில் செங்கோட்டையைச் சில நாட்கள் சேர்த்தே மூடிவிடுவார்கள்.

அடுத்து தாமரைக் கோயிலுக்கென்று மறுபடி மெட்ரோ ஏறினோம். முதல் பெட்டி பெண்களுக்கானது. நானும் அம்மாவும் அதில், அப்பா அடுத்த பெட்டியில். நாங்கள் பேசுவதைக் கேட்டு எதிரே உட்கார்ந்திருந்த ஒரு பெண் தமிழில், "அக்கா, இன்னைக்கு அதுவும் லீவு, அக்ஷர்தாமும் லீவு. ஜவஹர்லால் நேரு ஸ்டேடியத்துல இறங்கி ஹுமாயூன் கல்லறைக்குப் போங்க, அது தினமும் இருக்கும்" என்றாள். அவள் சொல்லியிருக்காவிட்டால் இன்னொரு பூட்டிய கதவின் முன்னால் போய் நின்றிருப்போம்.

ஹுமாயூன் கல்லறை அருமையான இடம். தாஜ்மகாலுக்குப் பல பத்தாண்டுகள் முந்தியது. ஆனால் மேல்தளத்துக்கு ஏறும் படிகள் நல்ல உயரம். அம்மா கீழே தோட்டத்தில் உட்கார்ந்துகொண்டார். குதுப் மினாரும் எல்லா நாளும் உண்டு. பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், குதுப் மினார் மெட்ரோவிலிருந்து நினைவிடம் ஒரு கிலோமீட்டருக்கும் மேல். பெரியவர்கள் கூட இருந்தால் ஆட்டோதான். கோபுரத்துக்குள் ஏற 1981 விபத்துக்குப் பிறகு யாரையும் விடுவதில்லை.

சாயங்காலம் ஆர்.கே. புரம் மலை மந்திர். சுவாமிநாத சுவாமி சன்னதியில் அம்மா நெடுநேரம் நின்றார். 'யாமிருக்க பயமேன்' என்ற வாசகத்தை அந்த ஊரில் பார்த்ததும் எனக்கே கண் கலங்கிவிட்டது.

செவ்வாய்க்கிழமை அக்ஷர்தாம். கரோல் பாகிலிருந்து புளூ லைனில் போகிறவர்கள் நொய்டா போகும் வண்டியில் ஏறுங்கள். வைஷாலி வண்டி யமுனா பேங்கில் வேறு பக்கம் திரும்பிவிடும். உள்ளே போன், கேமரா, பை எதுவும் கூடாது. எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு டோக்கன் வாங்க வேண்டும். இதெல்லாம் தெரிந்தே போனோம். சோதனை வரிசை ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி என்பதை மட்டும் நான் யோசிக்கவில்லை. நாங்கள் வெளியே வந்தபோது அப்பாவைக் காணோம். அவரிடம் போன் இல்லை, என்னிடமும் இல்லை. அவருக்கு இந்தி தெரியாது. என் நம்பர் அவருக்கு மனப்பாடமும் இல்லை. முக்கால் மணி நேரம் கூட்டத்துக்குள் தேடினேன். அவர் எங்களுக்கு முன்பே வந்துவிட்டு, நாங்கள் உள்ளே போய்விட்டோம் என்று நினைத்துத் தானும் போய்த் தேடிக்கொண்டிருந்தார். கோயில் படிக்கட்டுக்குப் பக்கத்தில் அவரது சாம்பல் நிற மப்ளரைப் பார்த்தபோது என் கால் நடுங்கியது. தயவுசெய்து போனை ஒப்படைக்கும் முன்பே, சோதனை முடிந்ததும் எங்கே நிற்பது என்று பேசி வையுங்கள். ஒரு தாளில் உங்கள் நம்பரையும் ஹோட்டல் முகவரியையும் எழுதிப் பெரியவர்களின் சட்டைப் பையில் வையுங்கள். அன்று ராத்திரியே நான் எழுதி வைத்தேன்.

சாப்பாட்டுக்கு பங்களா சாகிப் குருத்வாராவுக்குப் போனோம். தலையை மூடிக்கொண்டு, செருப்பை விட்டுவிட்டு உள்ளே போனால் லங்கர் என்ற பொதுப் பந்தியில் யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து சாப்பிடலாம், காசு கிடையாது. சப்பாத்தியை இரண்டு கையையும் நீட்டித்தான் வாங்க வேண்டும்.

புதன்கிழமை விடிகாலை ரயில். எங்கள் டிக்கெட் ஹஜ்ரத் நிஜாமுதீனிலிருந்து. அரைத் தூக்கத்தில் ஆட்டோவில் ஏறி "ஸ்டேஷன்" என்று மட்டும் சொன்னேன். அவர் புதுடெல்லி ஸ்டேஷனில் கொண்டுபோய் நிறுத்தினார். கரோல் பாகில் வெறுமனே ஸ்டேஷன் என்றால் அதுதான், அவர்மேல் தப்பில்லை. டிக்கெட்டில் என்.டி.எல்.எஸ். என்றால் புதுடெல்லி, என்.இசட்.எம். என்றால் நிஜாமுதீன். ஆட்டோவில் ஏறும்போது முழுப் பெயரைச் சொல்லுங்கள். போலீஸ் நடத்தும் பிரீபெய்டு கவுண்டரில் சீட்டு வாங்கி வேறு ஆட்டோ பிடித்தோம். அந்தச் சீட்டை இறங்கிய பிறகுதான் ஓட்டுநரிடம் கொடுக்க வேண்டும். மூடுபனியால் எங்கள் ரயில் இரண்டு மணி நேரம் தாமதம் என்று பலகையில் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

அம்மா செங்கோட்டையைக் கடைசிவரை பார்க்கவில்லை.