ராம் கூட்ட முடியுமா?

"இதில் பிறகு ராம் கூட்ட முடியுமா அண்ணா?"

ரிச்சி தெருக் கடையில் இன்று மாலை ஓர் இளம்பெண் கேட்டாள். வேலையை விட்டுவிட்டு ஃப்ரீலான்ஸாக மென்பொருள் எழுதப் போகிறாளாம். கடைக்காரர் திரையின் பளபளப்பைக் காட்டிக்கொண்டிருந்தார். அவளோ மடிக்கணினியைத் திருப்பி அடிப்பக்கத் திருகாணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு அத்தனை மகிழ்ச்சி.

ராம் என்பது ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருள்கள் பயன்படுத்தும் தற்காலிக நினைவகம். மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் அது மதர்போர்டு என்ற முதன்மைப் பலகையோடு சேர்த்தே பற்றவைக்கப்பட்டிருக்கிறது. வாங்கும் அன்று இருப்பதுதான் கடைசிவரை. ஆப்பிளின் எம் வரிசைக் கணினிகளிலும் பிறகு கூட்ட வழியில்லை.

செயலி எழுத ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ, அதைச் சோதிக்கக் கணினிக்குள்ளேயே ஒரு போனைப் போல ஓடும் எமுலேட்டர், குரோம், பின்னால் மென்பொருள்களைத் தனித்தனிப் பெட்டிகளாக ஓட்டும் டாக்கர் என்று எல்லாம் சேர்ந்து ஓடும்போது 8 ஜிபி மூச்சுத் திணறும். ராம் நிரம்பியதும் கணினி, கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டியில் இடம் தேடத் தொடங்கும். எத்தனை வேகமான எஸ்எஸ்டியும் ராமுக்கு ஈடாகாது.

தயவுசெய்து 16 ஜிபிக்குக் கீழே இறங்காதீர்கள். கேம், மெஷின் லேர்னிங் வேலை இல்லையென்றால் கிராபிக்ஸ் கார்டுக்கான பணத்தை ராமில் போடுங்கள்.

அலுவலகத்தில் கணினி பழுதானால் வேறொன்று தருவார்கள். தனியாக வேலை செய்பவருக்கு அன்றைய வருமானமே போய்விடும். பழைய கணினியை அவசரப்பட்டு விற்றுவிடாதீர்கள். வேண்டிய மென்பொருள்களை நிறுவித் தயாராக வைத்திருங்கள்.

ஜிஎஸ்டி பதிவு செய்தவர்கள் பில்லில் தங்கள் எண்ணைப் போடச் சொல்லுங்கள். தொழிலுக்கு வாங்கும் கணினிக்குக் கட்டும் 18 சதவீத வரியை உள்ளீட்டு வரி வரவாகப் பெறலாம், அதாவது நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம். அந்தத் தொகையில் ஒரு நல்ல மானிட்டரே வாங்கிவிடலாம்.