செல்ஃப் எடுக்காத புல்வெட்டி வண்டி

ஜனவரி 5, 2026

பொங்கல் விடுமுறைக்கு அறைகள் நிறைந்துவிட்டன. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் விடுதியின் புல்தரையில் முழங்கால் உயரம் புல். முதலாளி சென்னையிலிருந்து போனில் கூப்பிட்டு, "வண்டியை எடுத்து ஓட்டிடு" என்றார். உட்கார்ந்து ஓட்டும் பெட்ரோல் புல்வெட்டியைச் சொல்கிறார். போன தை மாதம் ஷெட்டுக்குள் போனது. ராமேஸ்வரத்துக்குப் பக்கத்து ஊரான இந்த மண்டபத்தின் பங்குனி வெயிலில் வெட்டுவதற்குப் புல் ஏது?

தார்ப்பாயை விலக்கினால் இன்ஜினின் மேல்மூடிக்குள் எலி தேங்காய் நாரில் வீடு கட்டியிருக்கிறது. அதை எடுக்காமல் ஓட்டினால் காற்று போகும் வழி அடைத்து இன்ஜின் சூடேறிவிடும், அதனால் முதலில் அதை வழித்துப் போட்டேன். ஆயில் அளவு சரி. சாவியைத் திருப்பினால் சத்தமே இல்லை. 'டக்' என்றுகூட இல்லை.

வந்தவர் போனவர் எல்லோரும் "பிளக்கை மாத்துங்க" என்கிறார்கள். செல்ஃப் சுற்றவே இல்லை, பிளக் என்ன செய்யும்?

பேட்டரி டெர்மினலில் உப்புப் பூத்துப் பச்சையாக நிற்கிறது. கழற்றி, வெந்நீரில் ஆப்பசோடா கலந்து ஊற்றினேன், பொங்கிக்கொண்டு போயிற்று. இரவெல்லாம் மெதுவாக சார்ஜ் ஏறட்டும்.

ஜனவரி 6

காலையில் மல்டிமீட்டர் 12.6 காட்டியது. முழு சார்ஜ் என்றால் அதுதான் கணக்கு. ஆனால் ஹெட்லைட்டைப் போட்டதும் சரசரவென்று பத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. மாதக்கணக்கில் சார்ஜ் இல்லாமல் கிடந்த பேட்டரி இப்படித்தான் ஏமாற்றும், சும்மா இருக்கும்போது எடுக்கும் அளவை நம்பக்கூடாது. ராமநாதபுரம் போய்ப் புதிது வாங்கி வந்து மாட்டினேன். வேறு வேலைகள் இருந்தன. வண்டி அப்படியே ஊமையாக நிற்கிறது.

ஜனவரி 7

ஃபியூஸ் நன்றாக இருந்தது. அடுத்தது பாதுகாப்பு சுவிட்சுகள். பிரேக் மிதியை அழுத்தியிருக்க வேண்டும், வெட்டும் பிளேடு அணைந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் செல்ஃபுக்குக் கரண்டே போகாது. சீட்டுக்கு அடியிலும் ஒரு சுவிட்ச் உண்டு, பிளேடு சுற்றும்போது ஆள் எழுந்தால் இன்ஜினை நிறுத்த.

ஒவ்வொன்றாகக் கழற்றி மீட்டரில் வைத்துப் பார்த்தேன். பிரேக் சுவிட்ச் மட்டும் பீப் சத்தம் தரவில்லை. அதன் கனெக்டருக்குள் பித்தளை முள் பச்சை பிடித்திருந்தது. இங்கே வடகடலும் பக்கம், தென்கடலும் பக்கம். வாடைக்காற்று அடித்தாலும் கச்சான் காற்று அடித்தாலும் உப்பு வந்து சேர்ந்துவிடும்.

வாட்ச்மேன் தம்பி, "ரெண்டு வயரையும் முறுக்கி விட்டுருங்கண்ணே, சுவிட்சே வேணாம்" என்றான். முடியாது என்றேன். புல் சிக்கியதென்று இறங்கிக் கையை விடுகிறவர்கள் இருக்கிறார்கள். கீழே சுற்றுவது கத்தி.

முள்ளைச் சுரண்டித் துடைத்து, கான்டாக்ட் கிளீனர் அடித்து மாட்டினேன். இப்போது 'டக்' வருகிறது. அதற்கு மேல் ஒன்றுமில்லை.

ஜனவரி 8

விசைப்படகு வேலை பார்க்கும் மெக்கானிக் அண்ணன் மாலையில் வந்தார். டீசல் இன்ஜின் ஆள், பிளக், கார்புரேட்டர் பக்கம் போகாதவர். வண்டியைச் சுற்றி வந்து, "எர்த் பார்த்தியா?" என்றார். பேட்டரி நெகட்டிவிலிருந்து வண்டி உடம்புக்குப் போகும் வயரைச் சொல்கிறார்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகெல்லாம் கட்டிக் கிடக்கும். தடை முடியும் நேரத்தில் செல்ஃப் எடுக்கவில்லை என்று ஆள் வந்துகொண்டே இருப்பார்களாம். "புது பேட்டரி வாங்கிட்டுத்தான்டா என்கிட்டயே வருவானுங்க."

மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை இன்ஜின் உடம்பிலும் வைக்கச் சொல்லி, சாவியைத் திருப்பினார். எர்த் சரியாக இருந்தால் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டக்கூடாது. நான்கைத் தாண்டியது. பேட்டரியின் பலம் எல்லாம் அந்த வழியிலேயே வீணாகிறது. எர்த் வயரை சேசிஸோடு இறுக்கிய போல்ட்டுக்கு அடியில் துரு. உப்புத்தாளால் இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, இறுக்கி, மேலே வாசலின் பூசினோம்.

செல்ஃப் கிர்ரென்று சுற்றியது. இன்ஜின் பிடிக்கவில்லை. "இனி உன் பாடு" என்று டீ குடித்துவிட்டுக் கிளம்பினார்.

ஜனவரி 10

பிளக்கைக் கழற்றினேன், காய்ந்து கிடந்தது. வெகுநேரம் சுற்றியும் ஈரமில்லை என்றால் பெட்ரோல் வந்து சேரவில்லை. பெட்ரோல் நாற்றம் இல்லாத இடத்தில் வைத்துத் தீப்பொறி பார்த்தேன், நீலமாக நன்றாகவே அடித்தது. ஆக, பிளக்கை மாற்றச் சொன்னவர்கள் மன்னிக்கவும்.

டேங்க் பெட்ரோலைக் கண்ணாடி பாட்டிலில் வடித்து வைத்தால் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. மேலே மஞ்சள் பெட்ரோல், அடியில் கலங்கிய நீர். எத்தனால் கலந்த பெட்ரோல் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். ஈரம் அளவு மீறினால் எத்தனாலும் நீரும் சேர்ந்து அடியில் தங்கிவிடும். டேங்கிலிருந்து முதலில் இறங்குவது அந்த அடித்தண்ணீர்தான். இந்தக் கடற்கரைப் புழுக்கத்தில் ஒரு வருடம் வேறு.

ஏர் ஃபில்டரைக் கழற்றி, உள்ளே புதுப் பெட்ரோல் சில துளி விட்டுச் சாவியைத் திருப்பினேன். உறுமிவிட்டு உடனே அணைந்தது. கார்புரேட்டர் என்று தெரிந்துவிட்டது.

ஜனவரி 11

கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைத் திறந்தால் வெள்ளைப் பொடியும் பிசினும். பெட்ரோலை அளந்து விடும் மெயின் ஜெட்டை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தேன், ஓட்டை தெரியவில்லை. ஊசி, ஆணி எதையும் விடக்கூடாது, ஓட்டை பெரிதானால் பெட்ரோல் அளவு கெட்டுவிடும். கார்புரேட்டர் கிளீனரில் ஊறவைத்து, வயரிலிருந்து உருவிய ஒற்றைச் செம்பு இழையால் மெல்லத் தள்ளினேன். ஊசிமுனை அளவு வானம் தெரிந்தது.

கிண்ணத்துக்கு அடியில் பெட்ரோலைத் திறந்து மூடும் சொலினாய்டு இருக்கிறது. சாவி போட்டதும் அது சொடுக்க வேண்டும், சொடுக்கியது. விரிசல் விட்ட பெட்ரோல் டியூபுக்குப் பதில் பைக் டியூப், புது ஃபில்டர். ஃபில்டரில் அம்புக்குறி கார்புரேட்டரைப் பார்த்திருக்க வேண்டும்.

ஜனவரி 12

சோக்கை இழுத்துச் சாவியைத் திருப்பினேன். முதலில் வெள்ளைப் புகை, ஒரு தும்மல், அப்புறம் சீராகப் பிடித்துக்கொண்டது. பெல்ட் கொஞ்சம் கீச்சிட்டது, சூடேறியதும் அடங்கியது. உயரமான புல் என்பதால் பிளேடை மேலே தூக்கி வைத்து ஒரு வெட்டு, நாளை இறக்கி இன்னொரு வெட்டு.

தோட்டத்து அக்கா கல் கிடக்கிறதென்று கை காட்டினார். எடுத்துப் போடலாமென்று சீட்டைவிட்டு எழுந்ததும் இன்ஜின் பொட்டென்று நின்றது.

"போச்சா தம்பி, திரும்பவுமா?" என்றார் அக்கா.

"இல்லக்கா, அது அப்படித்தான் நிக்கணும்."