கோயில் லவுட்ஸ்பீக்கரில் ஒரு ரொக் இரவு

கொழும்பில் ரொக் பாண்டுகளைப் பார்க்கப் போனால் கதிரை கிடையாது. முதல் பாட்டில் இருந்து கடைசிப் பாட்டு வரைக்கும் நின்றபடிதான். முன்னால் நிற்கிறவர் போனைத் தூக்கிப் பிடித்திருப்பார். காசு குடுத்து ரிக்கற் எடுத்துக்கொண்டு போய், அவருடைய போன் திரையில் பாட்டுக்காரனைப் பார்த்துவிட்டு வருவோம். நடுவில் கிற்றார்காரன் குனிந்து சுருதி கூட்டுவான், அதுக்கும் கை தட்டுவோம். குறை சொல்லவில்லை, எனக்கு அந்தக் குழப்பம்தான் பிடிக்கும்.

வன்னியில் கதை வேறு. நோட்டீஸைக் கையில் குடுத்தவுடன் சனம் கேட்கிற முதல் கேள்வி, "கதிரை போடுவியளோ?"

மாசி மாதம். காலபோக அறுவடை முடிந்து றோட்டோரம் எல்லாம் நெல் காய்ந்துகொண்டிருந்தது. இரணைமடுப் பக்கத்தில் ஒரு விளையாட்டுக் கழக மைதானத்தில் நாலு பெடியள் தாங்களே எழுதி மெட்டுப் போட்ட பாட்டுகளோடு மேடை ஏறினார்கள். சினிமாப் பாட்டு மருந்துக்கும் இல்லை. றம்ஸ் செற் லாண்ட்மாஸ்ரர் பெட்டியில் வந்து இறங்கியது. காலமை நெல் மூட்டை ஏற்றின அதே பெட்டி. றமர் சும்மா ஒருதரம் தட்டிப் பார்த்தான், உமி பறந்தது.

சவுண்ட்ஸ்கார அண்ணை திருவிழாக்களில் பழம் தின்று கொட்டை போட்டவர். அவருடைய நல்ல பொக்ஸ் இரண்டும் அன்றைக்கு ஒரு சாமத்திய வீட்டுக்குப் போய்விட்டன. மிஞ்சினது வேப்பமரத்தில் கட்டுகிற கூம்பு லவுட்ஸ்பீக்கர். ஐயர் மந்திரம் சொன்னால் மூன்றாம் வாய்க்காலுக்கும் கேட்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் குரல் தூரம் போகவென்று செய்த சாமானில் அடித்தொண்டைச் சத்தம் ஏறாது. பேஸ் கிற்றாரின் தடித்த கம்பி அதிர்கிறதே 41 ஹேர்ட்ஸில், செக்கனுக்கு 41 தரம்தான். ஆகவே பேஸ் பெடியன் அன்றிரவு முழுக்கக் கண்ணை மூடித் தலையை ஆட்டி உருகி உருகி வாசித்தான், ஒரு சுரமும் வெளியே வரவில்லை. அவனுடைய தாய் பக்கத்தில் இருந்தவவிடம், "இவன் மற்றவைக்குத் துணைக்கு நிக்கிறான்" என்று சொன்னதைக் காதால் கேட்டேன்.

அடுத்தது கிற்றார். பெடியன் பெடலை மிதித்தான், கரகரவென்று வந்தது. அண்ணை பாய்ந்து வந்தார். ஜக்கைக் கழற்றினார், வாயால் ஊதினார், வேட்டித் தலைப்பால் துடைத்துத் திரும்பச் செருகினார். திரும்பவும் கரகர.

"தம்பி, உன்ரை சாமான் பழுது."

"அது அப்பிடித்தான் அண்ணை வரவேணும்."

"நான் நிக்கிற இடத்திலை அப்பிடி வரப்படாது. நாளைக்கு ஆர் எனக்குக் கோயில் தருவினம்?"

எனக்கு வாய் சும்மா கிடக்காது. 1964 இல் இங்கிலாந்தில் கிங்க்ஸ் என்ற பாண்டின் டேவ் டேவிஸ் இந்தக் கரகரப்பு வரவேணுமென்றே அம்ப்ளிஃபயர் ஸ்பீக்கரைச் சவர பிளேட்டால் கீறினவர், அப்படி வாசித்த பாட்டு அங்கே முதலாம் இடத்துக்குப் போனது என்று எடுத்துவிட்டேன். அண்ணை கையில் இருந்த வயரைக் கீழே வைத்தார்.

"ஸ்பீக்கரையோ கீறினவன்?"

"ஓம் அண்ணை."

"ஆற்றை ஸ்பீக்கர்?"

"அவற்றைதான்."

"அப்ப சரி. இதிலை ஆரும் கை வைச்சால் தெரியும்."

பிறகு நிகழ்ச்சி முடியும்வரை அண்ணையின் ஒரு கண் என்னிலேயே இருந்தது. மடியில் பிளேட் வைத்திருக்கிறேனோ என்று.

கரண்ட் ஜெனரேற்றரில் இருந்து வந்தது. கிற்றாரில் கம்பியின் அதிர்வைப் பிடிக்கிற சாமான் பிக்கப். பழைய மாதிரி ஒற்றைச் சுருள் பிக்கப் சுற்றியிருக்கிற கரண்டின் இரைச்சலையும் சேர்த்துப் பிடிக்கும். இரண்டு சுருளைச் சேர்த்து அந்த இரைச்சலை வெட்டுகிற பிக்கப்பை கிப்சன் கொம்பனியில் சேத் லவர் என்பவர் 1955 லேயே செய்துவிட்டார். பெடியனின் கிற்றாரில் அது இல்லை. "வண்டு பூந்திட்டுது போலை" என்றா ஒரு அம்மா. ஆனால் அவன் கெட்டிக்காரன். அந்த இரைச்சல் ஒரு பக்கம் திரும்பினால் கூடும், இன்னொரு பக்கம் திரும்பினால் குறையும். மெல்ல மெல்லச் சுழன்று பார்த்து, இரைச்சல் அடங்கின திசையைக் கண்டுபிடித்து அப்படியே நின்றான். அது வேப்பமரத்தைப் பார்க்கிற திசை. பிரதம விருந்தினருக்கு முழு முதுகு.

பிரதம விருந்தினர் இல்லாமலோ? ஆறு மணி என்று போட்ட நிகழ்ச்சியில் மங்கல விளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை எல்லாம் முடிய எட்டரை. பாண்டுக்காரர் நாலு பேருக்கும் பொன்னாடை வேறு. றமர் மட்டும் அதைப் பிரயோசனப்படுத்தினான். பொன்னாடையை மடித்துப் பெரிய றம்முக்குள் திணித்தான். உள்ளே துணி கிடந்தால் அடி இழுபடாமல் நறுக்கென்று நிற்கும். வெளிநாட்டு றமர்கள் இதுக்குத் தலையணை வைப்பார்கள். போர்த்தினவர் முன்வரிசையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒருத்தரும் எழும்பி ஆடவில்லை. மடியில் கச்சான் சரையோடு, பள்ளிக்கூடப் பரிசளிப்பு விழாவில் இருக்கிற மாதிரி இருந்தார்கள். எனக்கு முதலில் வெறுத்துப் போனது. பிறகுதான் பார்த்தேன், சனம் சொல்லுச் சொல்லாய்க் கேட்டுக்கொண்டிருக்கிறது. கொழும்பில் பாட்டின் வரி ஆருக்கு விளங்கினது? இங்கே நடுவரிசையில் இருந்த வேட்டி ஐயா பாட்டு ஓடிக்கொண்டிருக்கக் கையை உயர்த்தினார். "தம்பி, அந்த ரண்டாவது வரியைத் திருப்பிச் சொல்லும்." பாண்ட் நின்றது. பாட்டுப் பெடியன் வரியைச் சொன்னான். ஐயா தலையாட்டின பிறகு றமர் ஒண்டு, ரெண்டு, மூண்டு சொல்லித் தொடங்கினான். எந்த ஊர் மேடையிலும் இப்படி ஒரு மரியாதையை நான் காணவில்லை.

நுண்கடன் பாட்டு வந்தபோது மைதானம் மாறிவிட்டது. கிழமைக்குக் கிழமை மோட்டச்சைக்கிளில் வந்து படலையடியில் ஹோர்ன் அடிக்கிற கடன்காரரைப் பற்றின பாட்டு. அந்த ஹோர்னைக் கிற்றாரில் வாசித்தான் பெடியன். முன்வரிசை அக்காமார் ஒருத்தரையொருத்தர் பார்த்தார்கள். இரண்டாம் முறை ஹோர்ன் வர ஒரு அக்கா, "வீட்டிலை ஆளில்லை!" என்று சத்தம் வைத்தா. மூன்றாம் முறைக்கு முழுச் சனமும் ஒரே குரலில் "வீட்டிலை ஆளில்லை!" பெடியள் எழுதாத வரி அது. என்னைக் கேட்டால் அந்தப் பாட்டில் அதுதான் நல்ல வரி.

பாட்டு முடிய வேட்டி ஐயாவிடம் போனேன். "பிடிச்சுதோ?"

"நல்லாச் செய்யிறாங்கள். நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன்ரை பொப் பாட்டுக் காலத்திலை நாங்கள் கதிரைக்கு மேலை ஏறி நிண்டு ஆடினனாங்கள்."

"அப்ப இண்டைக்கு ஏன் இருந்தனீங்கள்?"

"இது பிளாஸ்ரிக் கதிரை, மோனை."

கடைசியில்தான் சிக்கல். நல்ல பாட்டை ஒளித்து வைத்துக்கொண்டு, நன்றி சொல்லி உள்ளே போய், சனம் கத்திக் கூப்பிடத் திரும்பி வருவது ரொக் பாண்டுகளின் வழக்கம். பெடியள் "நன்றி, வணக்கம்" என்று சொல்லி மேடைக்குப் பின்னால் போய்க் காத்து நின்றார்கள். வணக்கம் என்றால் இங்கே வணக்கம்தான். சனம் எழும்பியது. கழகப் பெடியள் கதிரையை அடுக்கத் தொடங்க, சவுண்ட்ஸ்கார அண்ணை வயரைச் சுற்றத் தொடங்கினார். ஒருத்தரும் கூப்பிடவில்லை என்று விளங்கினதும் நாலு பேரும் தாங்களாகவே ஓடி வந்து, மைக் இல்லாமல், அடுக்கின கதிரைகளுக்குப் பக்கத்தில் நின்று அந்தப் பாட்டைப் பாடினார்கள். கேற்றடியில் சைக்கிளோடு நின்ற சனம் திரும்பி வந்தது. அன்றைக்குச் சுத்தமாய்க் கேட்ட ஒரே பாட்டு அதுதான்.

கழகத் தலைவருக்குச் சரியான சந்தோசம். "தம்பியவை, வாற மாசம் என்ரை மோளின்ரை சாமத்திய வீடு. நீங்கள்தான் வந்து செய்யவேணும். கடன் பாட்டு வேண்டாம், அவையளும் வருவினம்."

மற்ற மூன்று பேரும் யோசிக்கப் பேஸ் பெடியன் முந்திக்கொண்டான்.

"பொக்ஸ் வருமோ அண்ணை?"