கீவா முதல் சமர்க்கண்ட் வரை: உஸ்பெகிஸ்தான் பயணக் குறிப்புகள்

அக்டோபர் 12, 2024 – கீவா

உஸ்பெகிஸ்தானிலிருந்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் முதன்முதலாக, 1990இல், இடம்பெற்றது கீவாவின் மண் மதில்களுக்குள் அடங்கிய இச்சான் கலா என்ற உள்நகரம். நுழைந்ததும் எதிர்ப்படும் கல்தா மினோர் கோபுரத்தின் முன்தான் எல்லோரும் படம் எடுத்துக்கொள்கிறார்கள். கீவாவை ஆண்ட முகம்மது அமீன் கான் 1855இல் போரில் கொல்லப்பட்டதால் பாதியில் நின்றுபோன கோபுரம் அது. என் மனம் தங்கியது ஜும்மா பள்ளிவாசலில். கூரைத் திறப்பின் வழியே விழும் சிறிதளவு வெளிச்சத்தில் 200க்கும் மேற்பட்ட செதுக்கிய மரத்தூண்கள் நிற்கின்றன. அவற்றுள் சில, இன்றைய கட்டடத்தைவிடப் பல நூற்றாண்டுகள் பழையவை.

மதிய உணவு ஷிவித் ஓஷி. சதகுப்பை இலைச் சாற்றில் மாவைப் பிசைந்து வெட்டிய பச்சை நூடுல்ஸின் மேல் இறைச்சியும் உருளைக்கிழங்கும் சேர்ந்த குழம்பை ஊற்றித் தயிருடன் தருகிறார்கள். கீவாவுக்கு வருபவர்கள் இதைத் தவறவிடக் கூடாது.

அக்டோபர் 14 – புகாரா

கிசில்கும் பாலைவனத்தின் ஊடாக நீண்ட ரயில் பயணம். மாலையில் லாபி ஹவுஸ் குளக்கரையில், பழைய முசுக்கொட்டை மரங்களின் கீழ் அமர்ந்து பச்சைத் தேநீர் அருந்தினோம். முதல் கோப்பையை மூன்று முறை மீண்டும் கெட்டிலுக்குள்ளேயே ஊற்றிய பிறகுதான் பருகத் தருகிறார்கள்.

இந்நகரில் ஒரு காலத்தில் இத்தகைய குளங்கள் ஏராளமாக இருந்தன. குடிநீரும் அவற்றிலிருந்தே வந்ததால் நரம்புச்சிலந்தி நோய் மக்களை விடாமல் வாட்டியது. சோவியத் ஆட்சியில் பெரும்பாலான குளங்களை வற்றவைத்து, குழாய்நீர் கொடுத்து அந்நோயை ஒழித்தார்கள். நகரம் தன் நீர்நிலைகளை இழந்தது வருத்தம்தான் என்றாலும், அந்த முடிவு சரியானது என்றே நினைக்கிறேன்.

அக்டோபர் 15 – புகாரா

இந்தப் பயணத்தின் உச்சம் இன்றுதான். பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த, சாமானித் அரச மரபினரின் கல்லறை மாடம், பக்கத்துக்கு ஏறத்தாழ 10 மீட்டர் மட்டுமே உள்ள சிறு கட்டடம். வண்ணமோ ஓடோ இல்லை, சுட்ட செங்கல் மட்டும். அந்தச் செங்கல்லையே படுக்கவைத்தும் நிறுத்தியும் சாய்த்தும் கூடை பின்னுவதுபோல் அடுக்கியிருப்பதால், வெயில் நகர நகரச் சுவரின் கோலமும் மாறிக்கொண்டே இருக்கிறது. காலையில் பார்த்ததை மாலையில் மீண்டும் சென்று பார்த்தோம். அது வேறொரு சுவராகத் தெரிந்தது.

1127இல் எழுந்த கல்யான் மினார் இதே கலையின் அடுத்த படி. ஏறக்குறைய 46 மீட்டர் உயரமுள்ள இது, 1220இல் செங்கிஸ் கானின் படை நகரத்தை அழித்தபோதும் தப்பியது. பட்டை பட்டையாக ஏறும் செங்கல் வேலைப்பாட்டுக்கு மேலே, உச்சியருகே, மெருகிட்ட நீல நிறத்தில் ஒரு பட்டை தெரியும். சமர்க்கண்டை மூடிய நீலத்தின் தொடக்க காலத்தை இங்கே காணலாம்.

அக்டோபர் 17 – சமர்க்கண்ட்

ரெகிஸ்தான் சதுக்கத்தின் மூன்று மதரஸாக்களில் மூத்தது, இந்நகரை ஆண்ட வானியல் அறிஞர் உலுக் பெக் கட்டியது; பணி 1420இல் முடிந்தது. மற்ற இரண்டும் பதினேழாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. பிரம்மாண்டமான காட்சிதான். ஆயினும் மறுசீரமைப்பின் புதுமை பல இடங்களில் உறுத்துகிறது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் புகாராவின் வெறும் செங்கல்லையே தேர்ந்தெடுப்பேன்.

உணவில் மட்டும் சமர்க்கண்டுக்கே முதலிடம். இங்கு பலாவ் சோற்றைக் கிளறிக் கலப்பதில்லை. கொப்பரையில் அடுக்கடுக்காக வேகவைத்து, தட்டில் முதலில் சோறு, அதன்மேல் மஞ்சள் கேரட், அதன்மேல் இறைச்சி என்று பரிமாறுவதால் ஒவ்வொன்றின் சுவையும் தனித்து நிற்கிறது. இது மதிய உணவு. பிற்பகலில் கொப்பரை காலியாகிவிடும் என்பதால் நண்பகலுக்கே சென்றுவிட வேண்டும்.

அக்டோபர் 18 – சமர்க்கண்ட்

உலுக் பெக்கின் வானாய்வுக் கூடத்தில் எஞ்சியிருப்பது, குன்றைக் குடைந்து இறங்கும் பெரிய கோணமானியின் கீழ்ப்பகுதி மட்டுமே. தொலைநோக்கி இல்லாத அக்காலத்தில் இக்கருவியைக் கொண்டு ஆயிரத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களின் இடங்களைக் குறித்து, 1437இல் அட்டவணையாக்கினார்கள். 1449இல் அவரைச் சொந்த மகனே கொல்லச் செய்தான், கூடமும் அழிந்தது. பழைய நில ஆவணம் ஒன்றைத் துணையாகக் கொண்டு வியாத்கின் என்ற தொல்லியலாளர் 1908இல் இதை மீண்டும் கண்டுபிடித்தார். அவருடைய கல்லறையும் இக்குன்றிலேயே இருக்கிறது.

திரும்பும் வழியில் சியோப் சந்தையில், நடுவில் அச்சுக் குத்தி மினுமினுக்கும் கனமான சமர்க்கண்ட் ரொட்டிகள் இரண்டு வாங்கினோம். பல நாள் கெடாது என்று விற்ற அம்மா உறுதியாகச் சொன்னார். நாளைக் காலை தாஷ்கண்ட் ரயிலில் ஒன்றைப் பிய்த்து உண்பதாக இருக்கிறோம்.