பின்னிருக்கைக்கு அடியில் பார்த்துவிட்டு வாங்கிய கார்

அம்மாவுக்கு முதுகெலும்பில் அறுவை சிகிச்சை முடிந்த பிறகு, ஆறு வாரத்துக்கு ஒருமுறை அவரைத் தஞ்சாவூரிலிருந்து சென்னைக்கு அழைத்துப்போய்க் காட்ட வேண்டியிருந்தது. போக 340 கிலோமீட்டர், வர 340 கிலோமீட்டர். எங்களிடம் இருந்த பத்து வயது டீசல் காரில் விக்கிரவாண்டியை எட்டுவதற்குள் அவர் முகம் வெளுத்துவிடும். வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். அதைக் கண்ணாடியில் பார்த்தபடி வண்டி ஓட்டுவது எனக்குப் பெரிய வேதனையாக இருந்தது. 2024 மே மாதம் மதுராந்தகம் அருகே வண்டியை ஓரங்கட்டி, அவரைக் கொஞ்ச நேரம் படுக்கவைத்தபோதுதான் கார் மாற்றுவது என்று முடிவு செய்தேன்.

முதலில் புதிய இன்னோவா ஹைகிராஸைத்தான் பார்த்தோம். ஏறி உட்காருவது சுலபம், பெட்ரோல் எஞ்சினோடு மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஹைப்ரிட் வண்டி வேறு. ஆனால் நாங்கள் கேட்ட வகைக்குப் பல மாதம் காத்திருக்க வேண்டும் என்றார்கள். அம்மாவின் முதுகு அதுவரை காத்திருக்காது. கையில் இருந்தது 32 லட்சம் ரூபாய். அந்தப் பணத்துக்குள் வரும் பழைய கார்களை அலசியபோதுதான் லெக்சஸ் இ.எஸ். 300எச் என்ற ஹைப்ரிட் சொகுசுக் கார் கண்ணில் பட்டது.

இந்தக் காரின் விலை வரலாற்றைத் தெரிந்துகொண்டது எனக்குப் பேரம் பேச மிகவும் உதவியது. 2018 ஜூலையில் இங்கே அறிமுகமானபோது முழுக்க இறக்குமதி; ஷோரூம் விலையே 59 லட்சத்துக்கு மேல். 2020 ஜனவரியில் கர்நாடகத்தின் பிடதியில் பாகங்களை ஒன்றுசேர்த்துத் தயாரிக்கத் தொடங்கியதும் ஆரம்ப விலை 52 லட்சத்துக்குச் சற்றுக் கீழே இறங்கியது. அதற்கு முன் வாங்கியவர்கள் ‘நான் அறுபது லட்சம் கொடுத்தேன்’ என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள். அவர்கள் சொல்வது உண்மைதான். ஆனாலும் அந்தத் தொகையிலிருந்து கழித்துக்கொண்டு வரக் கூடாது. 2020இல் இறங்கிய விலையிலிருந்துதான் கணக்குப் போட வேண்டும்.

பெட்ரோல் மிச்சமாகும் என்பதற்காக மட்டும் யாரும் இந்த முடிவை எடுக்க வேண்டாம். நான் மாதம் ஏறத்தாழ 1,500 கிலோமீட்டர் ஓட்டுகிறேன். லிட்டருக்கு 11 கிலோமீட்டர் தரும் இன்னொரு சொகுசுக் காரோடு ஒப்பிட்டு, இது 17 கிலோமீட்டர் தரும் என்று வைத்தாலும் மாதம் 48 லிட்டர், அதாவது ஐயாயிரம் ரூபாய்க்குள்தான் மிச்சம். ஒரு பெரிய பாகம் பழுதானால் சில ஆண்டுச் சேமிப்பு ஒரே பில்லில் போய்விடும். நான் இதன் பக்கம் சாய்ந்ததற்குக் காரணம் வேறு. குலுங்காத சவாரி, சத்தமின்மை, சாய்த்துக்கொள்ளக்கூடிய பின்னிருக்கை ஆகியவை ஒன்று. இன்னொன்று, அதன் உள்ளமைப்பின் எளிமை. இதில் கிளட்ச் கிடையாது. ஸ்டார்ட்டர் மோட்டாரும், ஓடும்போது மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டரும் தனியாகக் கிடையாது. இரண்டு மின்மோட்டார்களும் நடுச் சக்கரத்தைச் சுற்றிச் சிறு சக்கரங்கள் சுழலும் ஒரு பல்சக்கரத் தொகுதியும் சேர்ந்து அந்த வேலைகளையெல்லாம் செய்துவிடுகின்றன. ஏசி கம்ப்ரசர்கூட மின்சாரத்தில்தான் ஓடுகிறது.

மிஞ்சும் பெரிய கவலை ஹைப்ரிட் பேட்டரி. இந்த மாடலில் அது டிக்கியில் இல்லை, பின்னிருக்கைக்கு அடியில் இருக்கிறது. 204 நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்கள், மொத்தம் 244.8 வோல்ட். அதற்குக் குளிர்ந்த காற்று பயணிகள் அமரும் பகுதியிலிருந்தே போகிறது. பின்னிருக்கையின் கீழ் அதற்கென ஒரு சல்லடைத் துவாரம் உண்டு. அந்தத் துவாரம்தான் என்னைக் காப்பாற்றியது என்று இன்றுவரை நம்புகிறேன்.

முதலில் வந்த கார் பெங்களூருவில் இருந்தது. 27 லட்சம் என்றதும் ஆசை பிறந்தது. ஆனால் வேற்று மாநில வண்டிக்கு அங்கே படிவம் 28 வழியாகத் தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே வயதுக்கேற்ற ஆயுள் வரியையும் மறுபடி கட்ட வேண்டும். 2023 நவம்பர் முதல் தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதிய கார்களுக்கு வரி 20 சதவீதம். பழைய வண்டிக்கு அது குறையும் என்றாலும் தொகை சிறியதல்ல. கூட்டிப் பார்த்தபோது சென்னை விலைக்கே வந்துவிட்டது. விட்டுவிட்டேன்.

இரண்டாவது கார் சென்னையின் தென்பகுதியில், ஒரு பழைய கார் விற்பனைக் கூடத்தில் நின்றது. 2019 ஏப்ரல் பதிவு, ஒரே உரிமையாளர், ஓடியது 24,000 கிலோமீட்டர், விலை 29.5 லட்சம். வெள்ளை நிறம், உள்ளே பழுப்புத் தோல். அம்மாவை உட்காரவைத்துப் பார்த்தேன். தாழ்வான கார் என்பதால் இறங்கி அமரச் சிரமப்பட்டார். பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்தபடி முதலில் பக்கவாட்டில் உட்கார்ந்து, பிறகு இரண்டு காலையும் ஒன்றாக உள்ளே திருப்பினார். சாய்ந்ததும், “இதில் திருச்சிவரை தூங்கலாம்” என்றார். அந்த ஒரு சொல்லில் நான் முக்கால்வாசி வாங்கிவிட்டேன்.

முன்பணம் கொடுக்கும் முன் ஆவணங்களைக் கேட்டேன். ஆர்.சி. சரியாக இருந்தது, அபராத நிலுவை எதுவும் இல்லை. காப்பீட்டுப் பத்திரத்தைப் புரட்டியபோது நோ கிளெய்ம் போனஸ் கட்டத்தில் பூஜ்யம் என்று இருந்தது. கிளெய்மே எடுக்காத காருக்கு இந்தத் தள்ளுபடி முதல் புதுப்பிப்பில் 20, பிறகு 25, 35, 45, ஐந்தாவதில் 50 சதவீதம் என்று ஏறும். 2024 ஏப்ரலில் புதுப்பித்த பத்திரத்தில் 50 இருந்திருக்க வேண்டும். உரிமையாளர் மாறினாலும் பூஜ்யமாகும்; ஆனால் இது ஒரே கையில் இருந்த வண்டி. அப்படியென்றால் 2023 ஏப்ரலுக்கும் 2024 ஏப்ரலுக்கும் நடுவே கிளெய்ம் எடுத்திருக்கிறார்கள். எதற்கு என்று கேட்டேன். பார்க்கிங்கில் உரசியதாக விற்பனைக் கூடத்துக்காரர் சொன்னார். அந்த ஓராண்டுக்குள் டிசம்பர் மாதமும் இருக்கிறதே என்பது எனக்கு உறைத்தது. மிக்ஜாம் புயலில் சென்னை மூழ்கிய டிசம்பர் அது.

மறுநாள் திருச்சியிலிருந்து எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவரை வரவழைத்தேன். ஹைப்ரிட் வண்டிகளிலேயே பல ஆண்டு வேலை பார்த்தவர். அவர் பானெட்டைத் திறக்கவே இல்லை. பின்னிருக்கை சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தார். வழக்கமாக உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் செம்மண் நிறத்தில் ஒரு கோடு. முன்னிருக்கையின் கீழே போல்ட்டுகளில் துரு. பிறகு பேட்டரியின் காற்றுத் துவாரத்து மூடியைக் கழற்றி, வடிகட்டியை எடுத்து என் உள்ளங்கையில் தட்டினார். மாவு போல நுண்ணிய வண்டல் விழுந்தது.

“ஹைப்ரிட் காரில் தண்ணீர் போயிருந்தால் கிளம்பவே கிளம்பாது, சார். இப்போதே ஓட்டிப் பாருங்கள்” என்றார் விற்பனைக் கூடத்துக்காரர்.

கார் கிளம்பியது, அழகாகவும் ஓடியது. “இன்று ஓடும் அண்ணே. செல்களை இணைக்கும் செப்புத் தகடுகளில் பச்சை பூத்து, ஒரு வருடம் கழித்து எங்காவது நடுவழியில் நிற்கும். அம்மாவோடு போகிறீர்கள்” என்றார் மெக்கானிக். அம்மா உட்காரும் இருக்கைக்கு நேர் கீழே 244 வோல்ட், அதற்குள் வெள்ளத்தின் சேறு. எனக்குக் கோபம் தலைக்கேறியது. விலையைக் குறைத்துச் சொன்னார்கள். பதில் பேசாமல் வெளியே வந்தேன். வெள்ளத்தில் சிக்கிய வண்டி என்று சொல்லி, அதற்குரிய விலையில் விற்றால் யாருக்கும் குறையில்லை. தோலைத் துடைத்துப் பளபளப்பாக்கி, நோயாளியை ஏற்றிச் செல்ல வந்தவனிடம் மறைத்ததை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

மூன்றாவது கார் அண்ணா நகரில் ஓய்வுபெற்ற ஒருவருடையது. 2019 செப்டம்பர் பதிவு, 68,000 கிலோமீட்டர், கேட்ட விலை 33 லட்சம். கிலோமீட்டரைப் பார்த்து என் மனைவி தயங்கினார். எனக்கு அது நல்ல செய்தியாகவே பட்டது. ஹைப்ரிட் பேட்டரி மாதக்கணக்கில் சும்மா கிடப்பதைவிட, ஏறி இறங்கி வேலை செய்துகொண்டிருப்பதே அதற்கு நல்லது. இவர் தினமும் ஓட்டியிருக்கிறார், கம்பெனி சர்வீஸ் ஒன்றையும் தவறவிடவில்லை. பில்களைத் தேதி வரிசையில் ஒரு கோப்பில் வைத்திருந்தார். அவரது வீடு முதல் மாடி. கார் மேடான போர்ட்டிகோவில் நின்றது. அந்தத் தெருவில் 2023இல் தண்ணீர் எவ்வளவு ஏறியது என்று எதிர்வீட்டுக் காவலாளியிடம் தனியாகக் கேட்டேன். கேட்டின் அடிவரை வந்து நின்றுவிட்டது என்றார்.

மெக்கானிக் ஒரு சிறிய ஸ்கேனரைச் செருகி, செல்போனில் பேட்டரியின் 17 பிரிவுகளையும் காட்டினார். ஏசி போட்டு நிற்கும்போதும், மேம்பாலம் ஏறும்போதும், பிரேக் அழுத்தும்போதும் பதினேழும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்க வேண்டும். ஒன்று மட்டும் பின்தங்கினால் அங்கே பலவீனம். நாற்பது நிமிடம் ஓட்டியதில் மிகப் பெரிய வித்தியாசம் 0.2 வோல்ட்தான். வடிகட்டியில் சாதாரண வீட்டுத் தூசி. பிரேக்கில் கால் வைத்து நின்றபோது அதன் பம்ப் அடிக்கடி இரைகிறதா என்றும் கவனித்தார். இந்த வகைக் கார்களில் பேட்டரிக்கு அடுத்து பெரிய செலவு வைப்பது அதுதானாம். சத்தம் இல்லை.

31.25 லட்சத்துக்கு முடிந்தது. ஆர்.சி.யில் வங்கியின் பெயர் நீக்கப்படாமல் இருந்ததால் மூன்று வாரம் தாமதம். கடன் 2022லேயே முடிந்திருந்தாலும், படிவம் 35உடன் வைக்க வேண்டிய வங்கிச் சான்று காலாவதியாகியிருந்தது. புதிதாக வாங்கி, பெயரை நீக்கிய பிறகே முழுப் பணத்தையும் கொடுத்தேன். உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கினேன். காப்பீட்டைப் பதினான்கு நாளுக்குள் என் பெயருக்கு மாற்றினேன். அவருடைய போனஸ் தள்ளுபடி அவருக்கே உரியது, காரோடு வராது என்பதால் பிரீமியம் எதிர்பார்த்ததைவிடக் கூடியது. தஞ்சாவூரில் லெக்சஸ் பணிமனை இல்லாத குறையைச் சென்னைப் பயணங்களே தீர்த்துவிட்டன. அம்மாவுக்குப் பரிசோதனை இருக்கும் நாளில் காருக்கும் சர்வீஸ். பழைய டீசல் காரை விற்ற பணத்தில் மூன்று லட்சத்தை, பேட்டரிக்கு என்று எழுதி, வைப்பு நிதியில் போட்டிருக்கிறேன். இதுவரை தொடவில்லை.

அம்மா இப்போது விக்கிரவாண்டியைத் தூக்கத்திலேயே தாண்டிவிடுகிறார். ஏசி குளிருக்கு ஒரு சால்வை போர்த்திக்கொள்வார். அது நழுவி இருக்கைக்குக் கீழே அந்தக் காற்றுத் துவாரத்தை மூடிக்கொள்ளும். திண்டிவனத்தில் தேநீருக்கு நிறுத்தும்போதெல்லாம் பின்கதவைத் திறந்து, அவரை எழுப்பாமல், சால்வையை மேலே இழுத்துவிட்டுத்தான் கடைப்பக்கம் போகிறேன்.