வலது தோளும் 720 கைவீச்சுகளும்

சட்டையைக் கழற்றுவதற்காகக் கையைத் தலைக்கு மேல் தூக்கியபோது, வலது தோளின் முன்புறத்தில் சுருக்கென்று குத்தியதுதான் எனக்குக் கிடைத்த முதல் எச்சரிக்கை. அதை நான் பொருட்படுத்தவில்லை. நீந்தத் தொடங்கியதும் வலிப்பதும், உடல் சூடேறியபின் மறைவதும், இரவில் அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் மீண்டும் தலைகாட்டுவதுமாக ஆறு வாரங்கள் கழிந்தன. ஏழாவது வாரத்தில், அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு டப்பாவை எடுப்பதற்கும் இடது கையையே நம்ப வேண்டியதாயிற்று.

எனக்குத் தெரிந்த வைத்தியம் ஓய்வுதான். மூன்று வாரம் குளத்தின் பக்கமே போகவில்லை. வலி அடியோடு போய்விட்டது. திரும்பிச் சென்ற முதல் நாளே வழக்கமான 2,000 மீட்டரை நீந்தினேன். நான்காம் நாள் அது பழைய இடத்திலேயே வந்து உட்கார்ந்துகொண்டது.

அன்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 25 மீட்டர் குளத்தில் 2,000 மீட்டர் என்றால் 80 முறை கடக்க வேண்டும். ஒரு முறை கடக்க எனக்கு 18 கைவீச்சுகள் ஆகின்றன. மொத்தம் 1,440, அதில் வலது கையின் பங்கு 720. வாரத்துக்கு நான்கு நாள் நீந்தினால் 2,880. கையைத் தண்ணீருக்குள் வைப்பதில் ஏதேனும் சிறு கோளாறு இருந்தால், அதையும் வாரத்துக்கு 2,880 முறை செய்துகொண்டிருந்திருக்கிறேன்.

கோளாறு இருக்கத்தான் செய்தது. நான் போய்ப் பார்த்த பிசியோதெரபிஸ்ட் கேட்டுக்கொண்டபடி நண்பர் ஒருவர் கைபேசியில் எடுத்த காணொளியில், ஒழுங்காக நீந்துவதாக எண்ணியிருந்த நான், இடப்பக்கம் திரும்பி மூச்சு வாங்கும் ஒவ்வொரு முறையும் வலது கையைக் கட்டைவிரல் முன்னே போக, தலைக்கு நேர் முன்னால் நடுக்கோட்டையும் தாண்டி இறக்கிக்கொண்டிருந்தேன். அந்த நிலையில் கை உட்புறமாக முறுக்கிக்கொள்வதால், தோளின் மேல் எலும்புக்கு அடியில் செல்லும் தசைநாணுக்கு இடம் குறுகிவிடுகிறது. மேற்கை எலும்பின் உருண்டையான தலையை ஆழமில்லாத குழியில் நிலைநிறுத்துபவை ரொட்டேட்டர் கஃப் எனப்படும் நான்கு தசைகள். ஃப்ரீஸ்டைலில் தண்ணீரை இழுப்பவையோ மார்பிலும் முதுகிலும் உள்ள பெரிய தசைகள். பெரியவை வலுத்துக்கொண்டே போக, கையை வெளிப்புறம் சுழற்றும் சிறியவை பின்தங்கிவிடுகின்றன. ‘நீச்சல்காரர் தோள்’ என்ற பெயரை 1974இல் கென்னடியும் ஹாக்கின்ஸும் வழங்கினர். அது ஒரே நோயின் பெயரன்று, பல கோளாறுகளுக்குப் பொதுவாக வழங்கும் பெயர் என்பதால், என் கதை இன்னொருவருக்கு அப்படியே பொருந்தாது. கை மரத்துப்போனாலோ, தூக்கவே வலுவில்லாமல் போனாலோ, நாள் கடத்தாமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

பிசியோதெரபிஸ்ட் தந்த பயிற்சிகள் சலிப்பூட்டுபவை. விலாவுக்கும் முழங்கைக்கும் நடுவே மடித்த துண்டை இடுக்கிக்கொண்டு, ரப்பர் பட்டையை வெளிப்புறமாக மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விட வேண்டும். 15 முறை வீதம் மூன்று சுற்று. பிறகு சுவரில் கையூன்றி, தோள்பட்டை எலும்புகள் விரியும்வரை தள்ள வேண்டும். துண்டு நழுவி விழுந்தால் முழங்கை விலகிவிட்டது என்று பொருள். முதல் வாரத்தில் அது விழுந்துகொண்டே இருந்தது.

விட்டொழித்தவையும் உண்டு. உள்ளங்கையில் மாட்டிக்கொண்டு நீந்தும் கைத்துடுப்புகளைப் பைக்குள் போட்டுவிட்டேன். கைக்கு ஓய்வு என்று நினைத்து நான் பிடித்துக்கொண்டிருந்த கிக் போர்டு என்னும் மிதவைப் பலகை, கையை முன்னே நீட்டியபடியே வைத்திருந்து தோளை மேலும் எரிச்சலூட்டியது. மல்லாந்து, கைகளை உடலோடு ஒட்டிக் காலுதைப்பது எவ்வளவோ மேல். நீந்துமுன் கைகளைப் பின்னால் வளைத்து இழுக்கும் பழக்கத்தையும் பிசியோதெரபிஸ்ட் நிறுத்தச் சொன்னார். என் தோளின் முன்பகுதி ஏற்கெனவே தளர்ந்துதான் இருந்ததாம்.

மீண்டும் குளத்தில் இறங்கியபோது ஒரு நாள் விட்டு ஒரு நாள், 400 மீட்டர் மட்டும். லேசான வலி மறுநாள் காலைக்குள் அடங்கினால் அடுத்த வாரம் 200 மீட்டர் கூட்டலாம்; அடங்காவிட்டால் ஒரு படி இறங்க வேண்டும். நான் இரண்டு முறை இறங்கினேன். இப்போது 1,600 மீட்டரில் நிற்கிறேன். குளத்தைக் கடக்க ஆகும் கைவீச்சு 18இலிருந்து 20 ஆகிவிட்டால், தோள் களைத்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு, வலி எதுவும் இல்லாதபோதே கரையேறிவிடுகிறேன்.